தொண்ணூற்று ஒன்றாவது அடுப்பு

கல்யாண வீட்டில் மொய் எழுதுகிற இடத்தில் யாராவது "ஆயிரத்து ஒண்ணு" என்று உரக்கச் சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். கடைசியில் ஒன்று சேர்த்துவிட்டால் அந்த எண்ணை யாராலும் பங்கு போட முடியாது, அதனால் புருஷனும் பெண்டாட்டியும் பிரிய மாட்டார்கள் என்று நம் ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை. நூற்றொன்று அப்படிப்பட்ட எண்தான். எதைக் கொண்டு வெட்டினாலும் வெட்டுப்படாது, நான் வெட்டிப் பார்த்திருக்கிறேன். ஆயிரத்தொன்று அப்படி இல்லை. ஏழு பேருக்குப் பங்கு போடலாம், பதினொரு பேருக்குப் போடலாம், பதிமூன்று பேருக்கும் போடலாம். மிச்சம் நிற்காது. உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டால், தொண்ணூற்றொன்றைப் பதினொரு தடவை வைத்துப் பார் என்பேன்.

நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். இதை எழுதவும் எனக்கு நாள் பிடிக்கிறது, அவசரம் ஒன்றும் இல்லை. ஆனால் தொண்ணூற்றொன்று என்ற எண்ணை எனக்குத் தெரிந்த அளவுக்கு இந்தக் காஞ்சிபுரத்தில் வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. அதோடு கிட்டத்தட்ட ஒரு வருஷம் குடித்தனம் நடத்தியவள் நான்.

அறுபதுகளின் கடைசியில் வாலாஜாபாத்திலிருந்து இந்தத் தெருவுக்கு வாழ வந்தேன். நீளமான தெரு. இரண்டு சாரியிலும் தறி வீடுகள். கோடியில் வேப்பமரத்தடியில் சின்னதாக ஓர் அம்மன் கோயில். ஊரில் இருக்கிற பெரிய கோயில்களுக்கெல்லாம் ராஜாக்கள் நிலம் எழுதி வைத்தார்கள். எங்கள் அம்மனுக்கு நாங்கள்தான் இருந்தோம். தினம் ஒரு வீட்டுக்கு முறை. முறை வந்த வீட்டுக்காரர்கள் காலையில் சந்நிதி வாசலைக் கழுவிக் கோலம் போட்டு, விளக்குக்கு எண்ணெய் விட்டு, பொங்கலோ சுண்டலோ படைக்க வேண்டும். மறுநாள் பக்கத்து வீடு. இப்படியே தெருக் கோடிவரை போய், எதிர்ச் சாரியில் திரும்பி வரும். வீடு என்றால் சுவரைப் பார்த்துக் கணக்கில்லை, அடுப்பைப் பார்த்துத்தான் கணக்கு. ஒரே கூரைக்குக் கீழே அண்ணனும் தம்பியும் தனித்தனியாக உலை வைத்தால் இரண்டு முறை. நான் வந்தபோது தெருவில் தொண்ணூறு அடுப்புகள்.

எல்லோருக்கும் கண் வெள்ளிக்கிழமை மேல்தான். மற்ற நாளில் விளக்கும் படையலும் மட்டும். வெள்ளியன்று அபிஷேகம் நடக்கும். முறைக்கார வீடு தன் தறியில் நெய்த சேலையைக் கொடுக்கும், பூசாரி அதை அம்மனுக்குச் சாத்துவார். அடுத்த வெள்ளி வரைக்கும் அம்மன் அந்தச் சேலையில்தான் இருப்பாள். அந்த வாரம் முழுக்கத் தெரு அந்தச் சேலையைப் பற்றியே பேசும். நிறத்தைப் பேசும், ஜரிகையைப் பேசும், கரை கோணிக்கொண்டிருந்தால் அதைக் கூடுதலாகப் பேசும். நெசவுக்காரர்கள் கண்ணுக்கு அம்மன் சேலை என்றாலும் சேலைதான்.

நான் வந்த புதிதில் எங்கள் வீட்டு முறை ஒரு செவ்வாயில் வந்தது. மூன்று மாதம் கழித்து அடுத்த முறை, அது திங்களில். அதற்கடுத்தது ஞாயிறு. அப்புறம் சனி. சுற்றுக்கு ஒரு கிழமை பின்னால் போகிறது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, நானே கவனித்துக்கொண்டேன். அப்படியானால் அடுத்தது வெள்ளி.

பிறந்த வீட்டிலேயே தறிக் குழியில் கால் வைத்தவள் நான். எங்கள் வீட்டில் மாமனாருக்கு ஒரு தறி, என் வீட்டுக்காரருக்கு ஒரு தறி. அவர் தறியில் சேலையின் கரையை உடலோடு கோர்க்கப் பக்கத்தில் உட்காருவது நான்தான். தறியில் ஏற்றிய பாவு நூல் முடிகிற இடத்தில் ஒரு சேலைக்குப் போதாமல் கொஞ்ச நீளம் மிஞ்சும், அதை நூல் கொடுக்கிற முதலாளி கேட்க மாட்டார். அந்த மிச்சத்தில் நான் உட்கார்ந்து மூன்று முழம் நெய்தேன். அம்மன் சின்ன உருவம், மூன்று முழம் போதும். அரக்கு உடல், மயில்கழுத்துக் கரை, கரையில் வரிசையாக அன்னம். வெள்ளை மல் துணியில் சுற்றி வேப்பிலை போட்டுத் தகரப் பெட்டியில் வைத்தேன். இந்தத் தெருவில் நான் யார் என்று அந்தச் சேலை சொல்லும் என்று நினைத்தேன். அந்த வயதில் அப்படித்தான் தோன்றும். இப்போதும் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

அதற்குள் உப்புச் சண்டை வந்துவிட்டது.

நான் குழம்பை இறக்கி வைப்பேன். என் மாமியார் வருவாள். வாயில் வைத்துப் பார்க்காமலே ஒரு கை உப்பை அள்ளிப் போடுவாள். தினம் இதே வேலை. ஒரு நாள் நான் கேட்டேன்.

"ருசி பாக்காமயே போடுறீங்களே அத்தே, கம்மின்னு எப்பிடித் தெரியும்?"

"ஆக்கினது ஆருன்னு தெரியுமே, அது போதாதா?"

"அப்ப நீங்களே ஆக்கிக்கோங்க."

"ஆக்கிக்கினுதான் இருந்தேன், நீ வர்றதுக்கு மின்னாடி!"

அன்று சாயங்காலமே கொல்லைப்புறம் கிணற்றடித் தாழ்வாரத்தில் மண் குழைத்து எனக்கென்று ஓர் அடுப்பு போட்டேன். நியாயம் என் பக்கம்தான், இன்றைக்கும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. என் வீட்டுக்காரர் அம்மா அடுப்பில் ஒரு வேளையும் என் அடுப்பில் இரண்டு வேளையுமாகச் சாப்பிட்டார். சில நாள் இரண்டு அடுப்பிலும் சாப்பிட்டார். அந்த வருஷம் அவர் உடம்பு கொஞ்சம் பூசிக்கொண்டது.

கோயில் முறையைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவருக்கு விஷயம் போனது. அவர் வருத்தப்படுவார் என்று நினைத்தேன். மனுஷர் சந்தோஷப்பட்டார்.

"தொண்ணூறுன்னு மொட்டையா நின்னுக்கினு இருந்துச்சுமா. இப்ப ஒண்ணு சேந்துச்சு. மொய் மாதிரி. தொண்ணூத்தொண்ணை ஆரு வெட்டுவான்? ரெண்டால ஆவாது, மூணால ஆவாது, அஞ்சால ஆவாது. தெருவுக்கு நல்லது."

மாமியார் அடுப்புக்கு அடுத்த நாள் என் அடுப்புக்கு முறை என்று சொல்லிவிட்டார்.

ஆக, நான் காத்திருந்த அந்த வெள்ளிக்கிழமை மாமியாருக்குப் போனது. மாமனார் தறியில் நெய்த வாடாமல்லிச் சேலையைச் சாத்தினாள். நல்ல சேலைதான், பொய் சொல்லக் கூடாது. மறுநாள் சனிக்கிழமை நான் போய்க் கோலம் போட்டேன். முந்தின நாள் கூட்டம் மிதித்த சேறும் வாழை இலையும் வாரிப் போடுவது சனிக்கிழமை வீட்டின் தலையில்தான் விழும். வாரிப் போட்டேன். பரவாயில்லை, சனியிலிருந்து வெள்ளி ஓர் அடிதானே, அடுத்த சுற்றில் வந்துவிடும் என்று இருந்தேன்.

அடுத்த சுற்று வந்தது. மாமியாருக்கு வெள்ளி. எனக்குச் சனி.

நடுவில் ஏதாவது ஒரு வீட்டில் இரண்டு நாள் செய்துவிட்டார்களோ என்று நினைத்தேன். விசாரித்தேன், அப்படி எதுவும் நடக்கவில்லை. அதற்கடுத்த சுற்றும் வந்தது. திரும்பவும் அவளுக்கு வெள்ளி, எனக்குச் சனி. குடத்தையும் துடைப்பத்தையும் எடுத்துக்கொண்டு நான் தெருவில் இறங்கும்போது அவள் வாசலில் நின்றுகொண்டு யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னாள்.

"அம்மாளுக்கு ஆரு வூட்டுச் சேலை புடிக்குதுன்னு இப்பவாச்சும் சில பேருக்குப் புரியணும்."

புரியாமல் தவித்தது நான் மட்டும் இல்லை. தெருவே முணுமுணுத்தது. செவ்வாய் வந்த வீட்டுக்குச் செவ்வாயே வந்தது. பதிமூன்று வீடுகளுக்கு மட்டும் எப்போதும் வெள்ளி. அந்தப் பதிமூன்று வீட்டுப் பெண்கள் குழாயடியில் குடம் வைக்கிற தோரணையே மாறிவிட்டது. மற்றவர்கள் பூசாரியைச் சந்தேகப்பட்டார்கள், பெரியவரைச் சந்தேகப்பட்டார்கள், கோயில் பாம்பு புற்று மாறிப் போய்விட்டது, அந்தக் குறைதான் என்றுகூட ஒருத்தி சொன்னாள்.

கோடையில் புளி வந்தது. கிணற்றடியில் உட்கார்ந்து கொட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் மாமியார் தன் பங்குப் புளியை வைத்துக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். நாங்கள் பேசிக்கொள்வதில்லை, ஆனால் கிணற்றடி ஒன்றுதானே.

என் கை சும்மா இருக்காது. புளியங்கொட்டைகளைத் தரையில் வரிசையாக வைத்தேன். ஒரு கொட்டை ஓர் அடுப்பு. வெள்ளியில் ஆரம்பித்து வியாழனில் முடிகிற மாதிரி ஏழு ஏழாக. வரிசைக்குக் கீழே வரிசை. என் மாமியார் அடுப்பு வெள்ளி, முதல் கொட்டை. என்னுடையது சனி, இரண்டாவது கொட்டை. தெருவைச் சுற்றிக்கொண்டே போனேன். இது தறிச் சாமான் விற்கிறவர் வீடு, இது கோணவாய்க் கிழவர் வீடு. தொண்ணூற்றொன்றாவது கொட்டையை வைத்தபோது கடைசி வரிசை நிறைந்துவிட்டது. பதிமூன்று வரிசை. எந்த வரிசையிலும் இடம் காலியில்லை. அடுத்த சுற்று எங்கே ஆரம்பிக்கும்? மறுபடியும் வெள்ளியில்தான்.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு என் கொட்டையை எடுத்துவிட்டு மற்றவற்றை நெருக்கி வைத்தேன். தொண்ணூறு. கடைசி வரிசையில், வியாழன் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு பள்ளம். அடுத்த சுற்றின் முதல் கொட்டை அந்தப் பள்ளத்தில்தான் விழ வேண்டும். வெள்ளியில் இருந்த வீடு வியாழனுக்குப் போகும், சனியில் இருந்த வீடு வெள்ளிக்குப் போகும். இத்தனை காலமும் முறையை நகர்த்திக்கொண்டிருந்தது அந்த ஒரு கொட்டைக் குறைதான். என் அடுப்பைக் கொண்டுபோய் அந்தப் பள்ளத்தை நானே அடைத்துவிட்டிருந்தேன்.

"இப்பதான் தெரியுதா?" என்று முதுகு கேட்டது.

நான் நிமிர்ந்து பார்த்தேன். மாமியார் திரும்பவில்லை.

"உங்களுக்குத் தெரியுமா?"

"பதிமூணு ஏழு தொண்ணூத்தொண்ணு. ஏழு புள்ளைங்களுக்குத் தோசை பங்கு வெச்சவளுக்கு ஏழாம் வாய்ப்பாடு தெரியாம போவுமா? நீ அடுப்பு போட்ட அன்னிக்கே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"வெள்ளிக்கெழமை வேணாம்னு ஆராச்சும் சொல்லுவாங்களா?" என்றாள். ஒரு புளியை உரித்துவிட்டு மெதுவாகச் சேர்த்தாள். "அதுவும் இல்லாம, நீயா வந்து கேப்பேன்னு இருந்தேன்."

நான் கேட்கவில்லை. கொட்டைகளை முந்தானையில் அள்ளிக்கொண்டு பெரியவர் வீட்டுக்குப் போய் அவர் எதிரிலேயே தரையில் பரப்பிக் காட்டினேன். அவர் மூன்று தடவை எண்ணினார். தொண்ணூற்றொன்று தன்னை ஏமாற்றிவிட்டது என்று அவருக்கு வருத்தம். அன்று சாயங்காலமே வேப்பமரத்தடியில் தெருவைக் கூட்டிவிட்டார்.

ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒரு நாள் முறையே இல்லாமல் விட்டுவிடலாம் என்றார் ஒருவர். அம்மன் ஒரு நாள் விளக்கில்லாமல் இருப்பதா என்று எல்லோரும் அவர் மேல் பாய்ந்தார்கள். பூசாரி ஒரு முறையை எடுத்துக்கொள்ளட்டும் என்றார்கள். "நான் பூசையும் பண்ணி, பொங்கலும் வெச்சி, தட்டுல காசும் நானே போட்டுக்கவா?" என்றார் பூசாரி. வெள்ளிக்காரர்கள் விட்டுக்கொடுக்கட்டும் என்றார்கள். அந்தப் பதிமூன்று வீட்டாரும் அப்போது வேப்பமரத்தின் கிளைகளை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெரியவர் சொன்னார்: "இன்னும் ஒரு அடுப்பு ஏறினாலும் சரியாப் போவும்பா. தொண்ணூத்திரெண்டு ஆனா முறை நவுரும். எந்த வூட்லயாச்சும் ஒரு சண்டை வந்தாப் போதும்."

"ஏம்மா, உன் மருமவ எப்ப சண்டை போடப் போறா?" என்று ஒருத்தி பக்கத்திலிருந்தவளைக் கேட்டாள்.

"எம் மருமவ தங்கம்டி. நீ வேணா உம் மவனைத் தொரத்து, அம்மாளுக்குப் புண்ணியமாப் போவும்."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. ஆனால் எண்ணுக்காக ஒரு குடும்பத்தைப் பிரிக்க யாருக்கு மனம் வரும்? சிரிப்பு அடங்கியதும் கூட்டத்தின் பின்னாலிருந்து ஓர் ஆண் குரல் சொன்னது.

"ஒண்ணு ஏத்த வேணாம்பா. ஒண்ணு அவிஞ்சாலும் போதும்."

தெரு முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. எனக்கு அடுத்து என் வீட்டுக்காரரைப் பார்த்தது. அவர் தன் கால் கட்டைவிரலைப் பார்த்தார்.

நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். என் அடுப்பை அவிப்பதில்லை என்று முடிவு. அவித்தால் அம்மனுக்கு என் சேலை ஏறும், ஆனால் நான் போய் மாமியார் சமையலறை வாசலில் நிற்க வேண்டும், என் குழம்பில் அவள் கை உப்பு விழ வேண்டும். வெள்ளிக்கிழமையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். சேலை பெட்டியிலேயே இருக்கட்டும். பெட்டியைத் திறந்து துணியைப் பிரித்து அன்னங்களை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு மூடினேன். அன்றைக்கு என் குழம்பில் நானே உப்பைக் கூட்டிப் போட்டுவிட்டேன் போலிருக்கிறது. என் வீட்டுக்காரர் தண்ணீர் குடித்துக்கொண்டே சாப்பிட்டார்.

அந்தச் சுற்றில் எங்கள் வெள்ளியும் சனியும் முடிந்து சில நாள்தான் ஆகியிருக்கும். ஒரு காலை, உள் சமையலறையிலிருந்து புகை வரவில்லை. வெயில் ஏறியும் வரவில்லை. உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று எழுந்து போகலாமா என யோசித்துக்கொண்டிருந்தபோது அவளே வந்தாள். ஒரு கையில் தட்டு, இன்னொரு கையில் உப்புச் சாடி. முழங்கைவரை மண்ணும் சாணமும். என் அடுப்புக்குப் பக்கத்தில் சாடியை வைத்துவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"சோறு போடு."

"உள்ள இன்னா ஆச்சு?"

"அடுப்பை இடிச்சி மெழுவிட்டேன். பெரியவருக்கும் சொல்லி அனுப்பிட்டேன். இனிமே முறை உன் அடுப்புக்குத்தான். உன் மாமனாருக்கு ரெண்டு கரண்டி கூட வை, கேக்க மாட்டாரு, பசிக்கும்."

அகப்பையை எடுத்துக்கொண்டே கேட்டேன்: "வெள்ளிக்கெழமையை விட்டுட்டீங்களே?"

"மூணு வாட்டி பண்ணிட்டேன். எத்தினி வாட்டி பண்றது? கூட்டத்துல வேர்க்குது." தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். "உன் பெட்டியில பூச்சி இருக்குதான்னு பாத்தேன்."

"எம் பெட்டியை ஆரு தொறக்கச் சொன்னது?"

"பூச்சியைக் கேட்டுக்கினா தொறப்பாங்க? பாத்தேன். சனிக்கெழமைக்கு நெய்ஞ்ச சேலை இல்லடி அது."

சோறு போட்டேன். குழம்பு ஊற்றினேன். அவள் சாடியைத் திறந்து ஒரு சிட்டிகை உப்பு எடுத்துத் தன் தட்டில் மட்டும் போட்டுக்கொண்டாள். ருசி பார்க்காமல்தான்.

தொண்ணூறு அடுப்பும் சுற்றி வந்தது. எங்கள் முறை வந்தது. வெள்ளி.

பூசாரி திரையை விலக்கியபோது நான் அம்மன் முகத்தைப் பார்க்கவில்லை, கரையைத்தான் பார்த்தேன். விளக்கு வெளிச்சத்தில் அன்னங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மடிப்புக்குள் போய் வெளியே வந்தன. கோணல் இல்லை. பின்னால் ஒருத்தி "இது ஆரு நெய்ஞ்சது?" என்று கேட்டாள். "எங்க வூட்ல" என்று மாமியார் பதில் சொன்னாள். பிறகு என் காதோரம் குனிந்தாள்.

"எடது கரையில ஒரு எழை தளந்துருக்குது."

"எங்க?"

"எனக்குத் தெரியுது. மத்தவங்களுக்குத் தெரியாது, வுடு."

இன்றுவரை அந்த இழை எங்கே தளர்ந்தது என்று எனக்குத் தெரியாது. தளரவே இல்லை என்றுதான் சொல்வேன்.

எங்களுக்குப் பின்னால் ஒவ்வொரு வீடாகக் கிழமை நகர ஆரம்பித்தது. செவ்வாயிலேயே கிடந்த வீடு திங்களுக்குப் போன அன்று அவர்கள் தெருவுக்கே சுண்டல் கொடுத்தார்கள். அதற்கடுத்த சுற்றில் எங்கள் முறை வியாழனுக்குப் போய்விட்டது. வியாழனில் யார் வருவார்கள்? கோயிலில் நாங்கள் இருவர்தான். நான் கோலம் போட்டேன், அவள் விளக்குக்கு எண்ணெய் விட்டாள். அம்மன் யார் வீட்டிலிருந்தோ வந்த பச்சைச் சேலையில் இருந்தாள். மாமியார் எண்ணெய்க் கிண்ணத்தை வைத்துவிட்டு அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கரையைப் பார்த்தாள், உடலைப் பார்த்தாள், ஜரிகையைப் பார்த்தாள்.

"நம்மளுது இதைவுட நல்லா இருந்துச்சு" என்றாள்.

"ஒரு எழை தளந்துருந்துச்சே" என்றேன் நான்.

"இருந்துட்டுப் போவுது" என்று சொல்லித் திரியைத் தூண்டிவிட்டாள்.